சோலையில் வாழும் பெயர்



'சோலை' என்ற சொல்லைச் செய்யுள் வகுப்பிலே அறிந்தவர்கள் நாம். அதே தமிழ்ச் சொல் பறவையியலாரின் பெயரேட்டில் இடம்பிடித்த வரலாறு சுவையானது.

தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகளிலே, புல்வெளிகளுக்கு இடையிலான பள்ளங்களில், குட்டை மரங்கள் நெருங்கி வளர்ந்த காடுகள் உண்டு. அவற்றுக்குச் சோலை என்று பெயர். ஆங்கிலேயர் நாவில் அது 'ஷோலா' ஆயிற்று. அக்காடுகளின் இருண்ட தரையோரத்தில் இரைதேடும் சிறு நீலப் பறவைகளை அவர்கள் 'ரொபின்' என்றனர்.

1840களில் நீலகிரிப் பறவையை அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தியவர், சென்னைப் படையில் மருத்துவராயிருந்த தோமஸ் ஜேர்டன். உயிரியலார் 'சாதி' என்னும் பிரிவுகளுள், செவ்வால் என்று பொருள்படும் ஒன்றில் அவர் அதைச் சேர்த்தார். நீலவால் பறவைக்குச் செவ்வால் பெயர்! பின்வந்தோர் குறுஞ்சிறகு என்று பொருள்படும் இன்னொரு சாதிக்கு மாற்றினர். ஒருவர் வாலைப் பார்த்தார், மற்றவர் சிறகைப் பார்த்தார். பறவையின் உறவு மட்டும் தெரியவில்லை.

மரபணு ஆய்வு அந்த உறவைக் காட்டியது. இப்பறவைகள் ஈப்பிடிப்பான்கள் சிலவற்றுக்கு நெருங்கியவை, ஆயினும் தனிச்சாதி. 2017இல் வி.வி. ரொபினும் உடனாய்வாளரும் அதற்கு 'ஷோலிகோலா' எனப் பெயரிட்டனர். தமிழ்ச் சோலையோடு, வாழ்வது எனப் பொருள்தரும் இலத்தீன் 'கோலா' இணைந்தது: சோலைவாசி.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓரினம், தெற்கே வெண்வயிற்றினம், செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே இன்னோரினம். தாழ்ந்த கணவாயைக் கடவாத சோலைவாசிகள், மலைக்கொன்றாய்ப் பிரிந்துபோயின.

ஆங்கிலப் பட்டியல்களில் இப்போது 'ஷோலாகிளி' என்ற வழக்கும் உண்டு. நம் செவிக்குக் கிளி பச்சைக்கிளிதான். ஈழத்து வாசகருக்குக் கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியும் நினைவுக்கு வருவார். மலையாளத்திலோ சிறுபறவை எதுவும் கிளியே.

வாலும் சிறகும் பறவையோடு கூடவே போவன. சோலை அப்படியன்று. தேயிலைக்காகவும், சீகை, யூகலிப்டஸ் தோட்டங்களுக்காகவும் மலைநிலம் பெருமளவு மாற்றப்பட்டது. எஞ்சியவை துண்டு துண்டான சோலைகளே. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் பறவைக்கு அதன் வீட்டு விலாசமே பெயராயிற்று. வீடு அழிந்தால் அந்த விலாசத்திற்கு யார் பொருள் சொல்வது? நம் மொழி கொடுத்த பெயர் என்று மகிழ்வோர், அந்தச் சொல் சுட்டும் காட்டையும் நினைக்கவேண்டும்.