பெயருக்குப் பயந்து சேர்த்து வைத்த காகிதங்கள்

காலில் காகிதம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நெல் அளப்பவர் 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று எண்ணத் தொடங்குவார். கணக்கு நோட்டின் தலையில் பிள்ளையார் சுழி. சொல்லுக்கு சக்தி உண்டு என்பது நமக்குப் புதிதல்ல. இதே நம்பிக்கையை மிகக் கறாராகக் கடைப்பிடித்தவர்கள் யூதர்கள். நம் நாட்டின் மேற்குக் கரை வியாபாரக் கடிதங்கள் சில, கிட்டத்தட்ட 900 வருடங்கள் பிழைத்திருப்பதற்கு அதுதான் காரணம்!

யூத வேதத்தில் கடவுள் உலகைச் சொல்லியே படைக்கிறார். மிருகங்களுக்குப் பெயர் வைக்கும் வேலை முதல் மனிதனுக்கு. ஆபிராம் என்பவர் ஆபிரகாம் ஆகும்போது பெயரோடு வாழ்க்கையும் மாறுகிறது. கடவுளின் பெயருக்கு நான்கு எழுத்து. எழுதலாம், ஆனால் உச்சரிக்கக் கூடாது. வேதம் படிக்கையில் அந்த இடத்தில் 'அதோனாய்' (என் ஆண்டவர்) என்பார்கள். சாதாரணப் பேச்சில் 'ஹஷேம்', அதாவது 'அந்தப் பெயர்'.

எழுதிய பெயரை அழிக்கவும் கூடாது. அதனால் கிழிந்த ஏடுகளை 'கெனிசா' என்ற அறையில் சேர்த்து, பிறகு மண்ணில் புதைப்பது வழக்கம். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்டாட்டில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஏனோ பெரும்பகுதியைப் புதைக்காமலே விட்டுவிட்டார்கள். வேத ஏடுகளோடு கடிதம், கணக்கு, ஒப்பந்தம் என்று எல்லாம் அங்கே குவிந்தன. எபிரேய எழுத்துக்கே அவ்வளவு மரியாதை! 1896-97ல் சாலமன் ஷெக்டர் அங்கு போய், கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவை மட்டும் 1,90,000 துண்டுகளுக்கு மேல். கெய்ரோவின் வறண்ட காற்றும் அவற்றைக் காத்தது.

அதில் ஒருவர் ஆபிரகாம் பென் யிஜு. துனீசியாவிலிருந்து வந்த யூத வியாபாரி. 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூர்ப் பக்கம் இருந்து மிளகு, பாக்கு, இரும்பு அனுப்பியவர். வெண்கலப் பட்டறையும் நடத்தினார். 1132ல் அஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் கிடைத்த புதுப்பெயர் பெராகா. 'ஆசீர்வாதம்' என்று அர்த்தம். அந்தப் பத்திரம் இன்றும் இருக்கிறது. ராஜாக்கள் பெயர் கல்லில் நிற்கும். ஓர் அடிமைப் பெண்ணின் பெயர் இப்படி நின்றது.

இப்போது நம் பக்கம் வருவோம். உ.வே.சா. ஏடு தேடி சங்கரன்கோவில் அருகே கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களும் உண்டு. இவர்கள் ஏட்டை மதிக்காதவர்களா? இல்லை. அதுவும் மரியாதைதான்.

ஓலை பூச்சி அரித்து, காலப்போக்கில் நைந்துபோகும். அதனால் புது ஓலையில் படி எடுத்துவிட்டு, பழையதை நெருப்புக்கோ நீருக்கோ கொடுப்பது சரியான ஏற்பாடு. பிரதி எடுக்கும் வழக்கம் நின்றது. பழையதை விடும் சடங்கு மட்டும் நிற்கவில்லை. நஷ்டம் அங்கேதான். தப்பித்த ஏடுகளில் பலவற்றை, எங்கள் அபிராமபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் பார்க்கலாம்.

பி.காம். படிப்பவன் என்பதால் ஒரு கோரிக்கை. வீட்டுப் பரணில் தாத்தாவின் பேரேடு இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். யாருடைய பெயர் அதில் மட்டும் மிஞ்சியிருக்கிறதோ!