புகழேந்தி, நா.

நா. புகழேந்தி (இறப்பு: ஏப்ரல் 6, 2024) விக்கிரவாண்டித் தொகுதியின் திமுக சட்டமன்ற உறுப்பினர், கட்சியின் விழுப்புரம் மாவட்டச் செயலாளராகவும் இருந்தவர். மேடைப் பேச்சாளர் என்பதைவிடக் கட்சி அமைப்பாளர் என்பதே அவருக்குப் பொருந்தும்.

திமுக உறுப்பினர் கு. இராதாமணி 2019 ஜூனில் மறைந்ததால், அக்டோபரில் இங்கே இடைத்தேர்தல் வந்தது. அதில் புகழேந்தி, அதிமுகவின் முத்தமிழ்செல்வனிடம் 44,924 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். சிறிய தோல்வியல்ல. ஆனாலும் கட்சி அவரையே மறுபடி நிறுத்தியது; 2021இல் அதே எதிராளியை 9,573 வாக்குகளில் வென்று பேரவைக்குள் நுழைந்தார்.

1987 வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேருக்கு மணிமண்டபம் கட்டப்படும் என்பது அந்த இடைத்தேர்தலையொட்டி மு. க. ஸ்டாலின் தந்த வாக்குறுதி. 2021 செப்டம்பரில் பேரவையில் அதை முதல்வராக அறிவித்தார். வன்னியர் வாக்குகள் முடிவைத் தீர்மானிக்கும் இத்தொகுதியில் இது வெறும் கட்டட அறிவிப்பு அல்ல. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மண்டபம் திறக்கப்பட்டபோது புகழேந்தி இல்லை.

2024 ஏப்ரல் 5இல், விக்கிரவாண்டியில் முதல்வர் பங்கேற்ற மக்களவைத் தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் அவருக்கு உடல்நலம் குன்றியது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் மறுநாள் காலமானார். ஐந்தாண்டுக்குள் தொகுதி கண்ட இரண்டாவது இடைத்தேர்தலில், ஜூலை 10 அன்று வாக்குப்பதிவு நடந்தது. அதிமுக புறக்கணித்த அப்போட்டியில், திமுகவின் அன்னியூர் சிவா பாமகவின் சி. அன்புமணியை 67,757 வாக்குகளில் வென்றார்.