மூன்றிலையும் நான்கிலையும்

ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தனை போகும் பஸ் தேயிலைத் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். அதற்கு மேலே ஏழு கிலோமீட்டர், கொழுந்து மலைகளுக்கு நடுவே ஏறினால் லிப்டன் சீட். தாமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்கிறார்கள். நான் போன அன்று மூடுபனி. எனக்குக் கண்ணில் நின்றதோ ஒரு படகின் படம், ‘ஷாம்ராக் ஐந்து’.

என் அம்மாயி ஊவாவில் வேறொரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர். அந்தப் படத்தை ஒருமுறை அவரிடம் காட்டினேன். “ஏயப்பா, எம்மாம் பெரிய பாய்! இது என்னத்த ஏத்திக்கிட்டுப் போகும்?” என்றார்.

“ஒண்ணும் ஏத்தாது அம்மாயி. பந்தயத்துக்கு மட்டுந்தான்.”

அவர் நம்பவில்லை.

லிப்டன் கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து வளர்ந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1890இல் அவர் இலங்கைக்கு வந்தபோது, இலைத்துரு நோயால் காப்பி அழிந்து தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. தம்பேத்தனையையும் வேறு சில தோட்டங்களையும் வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல், சிறு பொட்டலங்களில், சாதாரணத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் தேயிலை விற்றார். பறித்த கைகள் திருச்சி, மதுரை, சேலம் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்களுடையவை. அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததே 1927இல்தான்.

லிப்டனுக்கு ஓர் ஆசை மட்டும் கடைசிவரை கைகூடவில்லை: அமெரிக்கா கோப்பை. 1899, 1901, 1903, 1920 என்று நான்குமுறை சவால் விட்டுத் தோற்றார். ஒவ்வொரு படகுக்கும் ஷாம்ராக் என்றே பெயர். அயர்லாந்தின் அடையாளமான மூன்றிலைச் செடி. ஐந்தாவதை சார்லஸ் நிக்கல்சன் வடிவமைத்தார். 1930 ஏப்ரலில் கோஸ்போர்ட்டில் தண்ணீரில் இறங்கியது. ஒற்றைப் பாய்மரம், சுமார் 120 அடி நீளம், ஏறக்குறைய 7,500 சதுர அடிப் பாய். எஃகு வங்குகளின்மேல் மஹோகனிப் பலகை. ‘ஜே’ வகுப்பில் பிரிட்டன் கட்டிய முதல் படகு அது.

அதே ஆண்டு செப்டம்பரில் நியூபோர்ட் கடலில், ஹெரால்ட் வாண்டர்பில்ட் ஓட்டிய ‘என்டர்பிரைஸ்’ படகோடு மோதியது. என்டர்பிரைஸின் பாய்மரம் டியூராலுமின் உலோகம். ஷாம்ராக்கினுடையது கனமான மரம். மூன்றாவது பந்தயத்தில் ஷாம்ராக்கின் பெரிய பாயை ஏற்றிப் பிடித்த கயிறே அறுந்தது. நாலுக்குப் பூஜ்யம். தோற்ற கிழவருக்காக நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் ஆளுக்கொரு டாலர் கேட்க, அமெரிக்க மக்கள் காசு சேர்த்துத் தங்கக் கோப்பை செய்துகொடுத்தார்கள். அடுத்த ஆண்டு லிப்டன் இறந்துபோனார்.

படகு விமானத் தொழிலதிபர் சோப்வித்திடம் போனது, பின் ஃபேரியிடம். 1937இல் வாங்கிய இத்தாலிய செனட்டர் மாரியோ கிரெஸ்பி அதற்கு ‘குவாத்ரிஃபோலியோ’ என்று பெயர் மாற்றினார். பாசிச ஆட்சி அந்நியப் பெயர்களை அனுமதிக்கவில்லை. அதாவது, நான்கிலை. அதிர்ஷ்டத்தின் இலை! போர்க்காலத்தில் வைக்கோற்போருக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்கா கட்டிய ஆறு ‘ஜே’ படகுகளும் 1941க்குள் உடைக்கப்பட்டுவிட்டன. மொத்தம் பத்தில் மிஞ்சியவை மூன்று.

அதிர்ஷ்டம் மட்டும் மரத்தைக் காப்பாற்றாது. எஃகு வங்கும் வெண்கல ஆணியும் உப்புநீரில் அடுத்தடுத்து இருந்தால் எஃகை அரிப்பு தின்னும். துரு உப்பி, பலகையைத் தள்ளும். கலப்பத்து நெகிழும், தண்ணீர் கசியும். 1967இல் கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறைக்கே திரும்பி வந்து, மூன்று ஆண்டு வேலையில் உடற்பலகையும் மேல்தளமும் புதிதாயின. 1986இல் லிப்டன் தேயிலை நிறுவனம் அதைத் திரும்ப வாங்கி நியூபோர்ட் படகு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. 1989இல் எலிசபெத் மேயர் மேற்பார்வையில் இன்னொரு சீரமைப்பு. பிறகு 2000 – 2001இல் ஃபால்மத்தின் பென்டென்னிஸ் பட்டறையில் மறுபடியும். அதே 2001இல் கௌஸில் நடந்த அமெரிக்கா கோப்பை 150ஆம் ஆண்டு விழாவில், மிஞ்சிய மூன்று படகுகளும் சேர்ந்து ஓடின.

பலகை இவ்வளவு மாறியபின் அது லிப்டனின் படகுதானா? அம்மாயியிடமே கேட்டேன். “லயத்துக் காம்பிராவுல தகரம் மாத்துவோம், செவரு பூசுவோம், காம்பிரா அதேதானே?” என்றார். சற்றுப் பொறுத்து, “அத மாத்த மாத்த ஒருத்தன் எழுதி வச்சிருக்கான் பாரு. அதான் பெருசு” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்தப் படகுக்கு யார் வரைந்தது, யார் வாங்கியது, எந்த ஆண்டு எந்தப் பட்டறை என்று எல்லாம் பதிவில் இருக்கிறது. அதைக் கட்டிய பணத்தில் மளிகைக் கடை வெண்ணெயும் பன்றி இறைச்சியும் உண்டுதான். ஆனால் லிப்டன் என்ற பெயரை உலகறியச் செய்தது தேயிலை. பெரட்டுக் களத்தில் விடியலில் நின்றவர்களில் எத்தனை பேரின் பெயர் எங்கே இருக்கிறது? 1948இல் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லாமல் போனது. படகுக்குக்கூட, பெயர் மாறியபோதும், ஒரு நாட்டின் கொடி இருந்தது.

படகைச் சீராக்கியது தப்பென்று நான் சொல்லவரவில்லை. அந்த மஹோகனிப் பலகையை இழைத்தவனும் கூலிக்காரன்தான். படத்தில் அது சாய்ந்து ஓடுவதைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு விம்மத்தான் செய்கிறது.

அம்மாயி போய்விட்டார். மண்டபம் வழியாக வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, அவர் பெயரின் கடைசி எழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் மெல்லிய தாளை மைதாப் பசையில் நனைத்துப் பின்பக்கம் ஒட்டினேன். எழுத்து மறுபடி பெயரோடு சேர்ந்துவிட்டது. பின்பக்கத்தில் பென்சிலால் தேதியும் எழுதி வைத்தேன்.