சுண்ணாம்பு தடவாத கலயம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. குடியைப் பத்தி எழுதினா வீட்ல ஒரு பார்வை, ஊர்ல ஒரு பார்வை. ஆனா இது குடியைப் பத்தின பதிவு மட்டும் இல்லீங்க, பாத்திரத்தைப் பத்தினது. கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

போன பொங்கலுக்கு சுண்ணாம்புக்குளம் போயிருந்தேன். பழவேற்காடு ஏரிக்கு மேற்கால, ஆந்திர எல்லைக்குப் பக்கத்துல இருக்கற அம்மாவோட ஊரு. நெதர்லாந்துல வேலை பாக்கற மச்சானும் வந்திருந்தான். பையிலேர்ந்து துணி சுத்தின ஒரு பாட்டிலை பத்திரமா எடுத்தான். "மச்சி, இது சாதா பீர் இல்ல, சாமியாருங்க காய்ச்சினது"ன்னான். சாமியாரும் பீருமான்னு எனக்கு ஒரே சிரிப்பு.

அவன் சொன்னது நெசந்தான். டில்பர்க் நகரத்துக்குப் பக்கத்துல கோனிங்ஸ்ஹூவன்னு ஒரு கத்தோலிக்க மடம். பிரான்ஸ்லேர்ந்து வந்த டிராப்பிஸ்ட் துறவிகள் 1881-ல ஆரம்பிச்சது. மடத்துச் செலவுக்காக 1884-ல பீர் காய்ச்ச ஆரம்பிச்சாங்க. 'லா டிராப்'ங்கறது அவங்க பீரோட பேரு. பெல்ஜியம் பாணியில ரொம்பக் கெட்டியான 'குவாட்ருபெல்' வகையை 1991-ல கொண்டு வந்தாங்க. அதையே பழைய ஒயின் பீப்பாயில ஊத்தி, மாசக்கணக்குல ஊறப்போட்டு எடுத்ததுதான் மச்சான் கொண்டாந்தது. போதைச் சரக்கு பத்து, பதினொரு சதவீதம். நம்மூர் பீரைப் போல ரெண்டு மடங்கு.

கண்ணாடி கிளாஸுக்கு எங்க போறது? எவர்சில்வர் டம்ளர்லதான் ஊத்தினோம். கருப்பட்டிப் பாகு நிறம். மூக்குகிட்ட கொண்டு போனா உலர்ந்த திராட்சை, கிராம்பு, லேசா மர வாசனை. வாயில மொதல்ல இனிப்பு, அப்புறம் ஒயினோட துவர்ப்பு, கடைசியில மெல்லிசா ஒரு புளிப்பு.

அந்தப் புளிப்பு எனக்குத் தெரிஞ்ச புளிப்பு. எங்கேன்னுதான் பிடிபடல.

திண்ணையில உக்காந்திருந்த பெரிய மாமாகிட்ட ஒரு வாய் குடுத்தோம். எழுபது தாண்டின மனுசன். 1987 வரைக்கும் பனையேறி கள்ளு எறக்கினவர். அப்புறம் ஏரியில எறா புடிச்சார், சீசன்ல பதநீர் எறக்கி வித்தார். வாயில வெச்சு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தார்.

"இது கள்ளுதான்டா. ஆனா பொறுமையா இருந்து வந்த கள்ளு. எத்தினி மாசம் வெச்சிருந்தானுங்க?"

மச்சான் சொன்னான்.

"நம்மள்து ராத்திரி தாங்காதே..."ன்னு டம்ளரைக் கீழ வெச்சுட்டார்.

அந்த ஒத்தை வார்த்தைதான் என்னை ஒரு மாசம் புத்தகங்களைப் புரட்ட வெச்சுது. நம்மள்து ஏன் ராத்திரி தாங்கல?

மொதல்ல பீப்பாய். இந்த வார்த்தையே தமிழ் இல்ல, போர்த்துகீசியர்களோட 'பிப்பா'. பழவேற்காட்டுக்கு மொதல்ல வந்த பரங்கிங்க அவங்கதான். பின்னாடியே டச்சுக்காரங்க வந்தாங்க. 1610-ல விஜயநகர ராஜா வேங்கடபதி கிட்ட ஒப்பந்தம். 1613-ல ஜெல்ட்ரியா கோட்டை. 1690-ல தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறுற வரைக்கும் சோழமண்டலக் கரை முழுக்க அவங்க வியாபாரத்துக்கு இதுதான் தலைநகரம். துணி போச்சு, வெடிமருந்து போச்சு, அடிமைகளா மனுசங்களும் கப்பல் ஏறிப் போனாங்க. அந்தக் கோட்டையை வெள்ளைக்காரன் 1800-களோட தொடக்கத்துல இடிச்சுட்டான். மிஞ்சி நிக்கறது, வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின கல்லறைத் தோட்டம் ஒண்ணுதான். (நம்ம 'துட்டு'கூட டச்சு 'டாய்ட்' காசுதான், தெரியுமோ?)

அந்தக் கப்பல்கள்ல தண்ணி, உப்புக்கறி, வெடிமருந்து, சாராயம் எல்லாமே பீப்பாய்லதான். மரம் சும்மா இருக்காது. துளித் துளியா காத்தை உள்ள விடும், தன்னோட வாசனையைக் கசிய விடும். போர்த்துகீசியரோட மதேரா ஒயின் பீப்பாய்ங்க இந்தியா வரைக்கும் வந்து, நம்ம வெயில்ல வெந்து, திரும்ப ஊருக்குப் போச்சு. போனப்போ இருந்ததை விட ருசி கூடிடுச்சுன்னு, அப்படிப் போய் வந்த ஒயினுக்குத் தனிப் பேரே வெச்சு வித்தாங்க. ஆக, வெயில் மேல பழி போட முடியாது.

சரி, நம்மாளுங்களுக்கு ஊறப்போடத் தெரியாதா? நல்லாவே தெரியும். சங்கப் பாட்டுகளைப் பாருங்க. மூங்கில் குழாய்க்குள்ள முதிர வெச்ச தேறல் இருக்கு, மண்ணுல பொதைச்சு வெச்ச தேறலும் இருக்கு. யவனர் கொண்டாந்த ஒயினைக் குடிச்ச பாண்டியன் புறநானூறுல இருக்கான். 1945-ல வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ அந்த ஒயின் ஜாடிகளோட ஓடுங்களும் கெடைச்சுது. மூங்கிலும் ஒரு மரப் பாத்திரம் மாதிரிதானே? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நாம ஒரு 'பீப்பாய்' வெச்சிருந்திருக்கோம்!

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. தென்னங்கள்ளைக் காய்ச்சி வடிச்ச சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டியில வருசக்கணக்குல முதிர வெக்கறாங்க. அந்த மரத்துக்கு 'திருகோணமலை மரம்'னு ஒரு பேரு. நம்ம சென்னைக் கரையில அலையைத் தாண்டி ஆளுங்களையும் சரக்கையும் எறக்கின மசூலாப் படகுக்கு அதே மரத்தைத்தான் எறக்குமதி பண்ணாங்க. அங்க அது சாராயத் தொட்டியாச்சு, இங்க வெறும் படகு.

கள்ளு ஏன் தாங்காதுன்னா, பாளையைச் சீவினதுமே காத்துல இருக்கற ஈஸ்டு கலயத்துல எறங்கிடும். சில மணி நேரத்துல கள்ளு, மறுநாள் புளிச்ச காடி. இதைத் தடுக்கத்தான் கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவறது. சுண்ணாம்புல ஈஸ்டு வளராது, சாறு இனிப்பாவே நிக்கும். அதான் பதநீர். அதே மரம், அதே பாளை, அதே ஆளு. நடுவுல ஒரு வெள்ளைக் கோட்டிங். ஏரிக் கிளிஞ்சலைச் சூளையில சுட்டு சுண்ணாம்பாக்கறது இந்தப் பக்கத்துப் பழைய தொழில். ஊரு பேருலயே சுண்ணாம்பு!

இதே காத்து ஈஸ்டை பெல்ஜியத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல 'லாம்பிக்'னு ஒரு பீர். காய்ச்சின சாறைத் திறந்த தொட்டியில ஆறப் போடுவாங்க. காத்துல இருக்கறது தானா எறங்கும். அப்புறம் பழைய ஒயின் பீப்பாயில ஒண்ணுலேர்ந்து மூணு வருசம். எங்க மாமா கலயத்துல நடந்ததேதான் அங்க பீப்பாய்ல நடக்குது. புளிப்பை அவங்க குத்தமா நெனைக்கல, குணமா வளர்த்தாங்க.

இப்பதான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். பெல்ஜியத்துல கெட்டி பீர் ஏன் பெருகுச்சுன்னு பாத்தா, அங்கயும் ஒரு மதுவிலக்கு! 1919-ல வாண்டர்வெல்டேங்கற மந்திரி கொண்டு வந்த சட்டம். மதுக்கடையில ஜெனிவர் மாதிரி காய்ச்சி வடிச்ச சரக்கை ஊத்திக் குடுக்கக் கூடாது. அந்தச் சட்டம் 1983 வரைக்கும் இருந்துச்சு. பீருக்குத் தடை இல்ல. கடுஞ்சரக்கு கெடைக்காத ஆளுங்க கெட்டியான பீரைத் தேடினாங்க, காய்ச்சறவங்க அதைச் செஞ்சாங்க. இன்னைக்கு உலகமே தேடிப் போய்க் குடிக்கற பீர் வகைகள் வளர்ந்ததுல அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

நம்ம கதை தலைகீழ். 1937-ல ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்கு, 1948-ல மாகாணம் முழுக்க வந்துச்சு. 1971-ல தளர்வு, 1974-ல திரும்பத் தடை, 1981-ல திரும்பக் கடை. 1987 ஜனவரி 1-லேர்ந்து கள்ளுக்கடை மூடினது மூடினதுதான். அதுக்கு முன்னாடியே 1983-ல டாஸ்மாக் பொறந்தாச்சு, 2003-லேர்ந்து சில்லறை விற்பனையும் அதுங்கிட்டதான். அங்க லேசானதை விட்டுட்டு கடுமையானதைத் தடுத்தாங்க. இங்க நாலஞ்சு சதவீதக் கள்ளைத் தடுத்துட்டு, நாப்பதைத் தாண்டின பிராந்தியை அரசாங்கமே விக்குது. அது வாங்கக் காசில்லாதவன் கள்ளச்சாராயத்துக்குப் போறான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தது அதுலதான்.

மாமாகிட்ட இதையெல்லாம் ஒப்பிச்சேன். அவர் சிரிச்சார். "போலீசு வந்தா மொதல்ல கலயத்துக்குள்ள கையை வுட்டுத் தடவிப் பாப்பான். வெரல்ல வெள்ளை ஒட்டுச்சுன்னா நான் யோக்கியன். ஒட்டலன்னா திருடன்."

உள்ளேர்ந்து அத்தை குரல் வந்துச்சு. "கள்ளு இருந்த காலத்துல மட்டும் இந்த வூட்ல என்னா வாழ்ந்துச்சு? சாயங்காலம் பானை காலி, கையில காசும் காலி. அதையும் சேத்து எழுதச் சொல்லு."

சேத்து எழுதிட்டேன் அத்தை. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கள்ளைத் தெறந்து வுட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ற அளவுக்கு நான் அறிவாளியும் இல்ல. ஆனா ஒண்ணு தோணுது. புளிப்பைப் பாத்துப் பாத்து வளர்க்க ஒரு தொழிலுக்குத் தொடர்ச்சியான காலம் வேணும். அந்த மடத்துக்கு நூத்தி நாப்பது வருசம் கெடைச்சிருக்கு. எங்க மாமாவுக்குக் கெடைச்சது ரெண்டு தடைக்கு நடுவுல ஆறே வருசம்.

பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. மாமா அதைக் கேக்கல. காலி பாட்டிலைத்தான் கேட்டார். நல்ல கனமான கண்ணாடி, மண்ணெண்ணெய் ஊத்தி வெக்க ஆகும்னார்.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். பனங்கிழங்கு கெடுக்காது. சீசன்ல அந்தப் பக்கம் போனா வாங்கிச் சாப்பிடுங்க.