முடக்கொத்தானும் பேய்மிரட்டியும்: பெயருக்குள் இருந்த வைத்தியம்

வேலியில் படர்கிற முடக்கொத்தானைப் பிடுங்கி ரசம் வைக்கிறோம். அந்தப் பெயரை ஒருநாளாவது பிரித்துப் பார்த்தோமா? முடக்கு அறுத்தான். கை கால் முடக்கத்தை அறுப்பவன். எழுத்துத் தெரியாதவருக்கும் மருந்துத் துண்டு பெயரிலேயே இருந்தது. பரியாரியாரைத் தேடிக் கடல் தாண்ட வேண்டிய தீவுகளில் இது சின்ன விசயமல்ல.

1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வயதுக்காரர் சின்னப் பிள்ளைகள். செடியைக் காட்டிப் பெயர் சொல்ல உம்மம்மாமாருக்கு வேலி மிஞ்சவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெயர் செடியின் குணத்தை மட்டும் சொல்வதில்லை. நோய் எதனால் வருகிறது என்று முன்னோர் நம்பினார்களோ, அதையும் சொல்லிவிடும். பேய்மிரட்டியை எடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தால் பேயின் வேலை என்றார்கள். இதன் இலையை அவித்துக் கொடுத்தார்கள். பிள்ளை தேறினால் பேய் மிரண்டு ஓடிவிட்டது! பேய் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

கருஞ்சீரகத்துக்குத் தமிழில் நிறத்தைப் பார்த்துப் பெயர். அரபிகள் அதையே ஹப்பத்துல் பரகா, பரக்கத்தான விதை, என்றார்கள். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் மருந்துண்டு என்ற நபிமொழி எங்கள் வீடுகளில் தெரிந்ததுதானே.

எல்லாப் பெயரும் நோயிலிருந்து வந்ததல்ல. ஆடாதோடை என்பது ஆடு தொடாத இலை, அவ்வளவுதான். ஆனால் அதிகம் பயணம் போனது இந்தப் பெயர்தான். 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன் இங்கே செடிகளைச் சேகரித்தார், பிறகு லைடன் நகரில் தாவரவியல் பேராசிரியரானார். (ஊர்காவற்றுறை இருக்கும் தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரும் லைடன்தான்.) 1753இல் லின்னேயஸ் அந்தச் செடிக்கு வைத்த விஞ்ஞானப் பெயர் ஜஸ்டீசியா ஆடாதோடா. எங்கள் ஆட்டை உலகமே உச்சரிக்கிறது.

இனிப் பாம்பு. சர்ப்பகந்தாவின் வேர் பாம்பு போல நெளிந்திருக்கும். பாம்புக்கடிக்கு அதுவே மருந்தென்று பலகாலம் நம்பினார்கள். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது இரத்த அழுத்தத்தைக் குறைத்தது, விஷத்தை முறிக்கவில்லை. செடி கெட்டிக்காரச் செடிதான், பெயர்தான் வேறு திசையைக் காட்டியது. நாகமல்லியையும் பாம்புக்கடிக்கு அரைத்தார்கள். நாகத்தின் பெயரையே தாங்கிய எங்கள் தீவில் அந்த நம்பிக்கை இலகுவில் போகாது. ஆனால் விஷமுறி மருந்து ஆஸ்பத்திரியில் ஏற்றுவது, அம்மியில் அரைப்பதல்ல. கடி பட்டவரை நடக்க விடாதீர்கள். கடிவாயை வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். இலை தேடுகிற நேரத்தில் குறிகட்டுவானுக்குப் படகைப் பிடியுங்கள்.