நாகதாளியும் ஒரு சிவப்பு நிறமும்



போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒருவர் யோகட் கோப்பையில் ஒரு கள்ளிச் செடி கொண்டுவந்தார். பச்சைத் தண்டு, உச்சியில் சிவப்புப் பந்து. “ரீச்சர், இதில ஒரு குட்டி உடைச்சு மண்ணில வைச்சன், செத்துப்போச்சு” என்றார். சாகத்தான் செய்யும். அந்தச் சிவப்புத் தலையில் உணவு ஆக்கப் போதிய பச்சையம் இல்லை. டிராகன் பழக் கொடியின் இனத்து அடிக்கட்டையில் ஒட்டியிருப்பதால்தான் உயிர் வாழ்கிறது. குட்டியைப் பெருக்க விரும்பினால் இரண்டையும் தட்டையாக வெட்டி, நடு வளையங்கள் தொடும்படி வைத்து, றப்பர் பட்டி போட்டு, இரண்டு கிழமை நிழலில் விடுங்கள்.

இப்போது அளவெட்டியிலும் பல வீட்டு முற்றங்களில் இப்படிச் சட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எனக்கும் ஆசைதான். ஆனால் நிறத்துக்காகக் கள்ளியைக் கடல் கடத்திய கதை ஒன்று நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வளர்ப்பது நல்லது.

முதலில் ஒரு தெளிவு. சங்கப் பாடல்களில் வரும் கள்ளி நம் நாட்டுச் சதுரக்கள்ளி வகை; கீறினால் பால் வரும். நாம் நாகதாளி என்றும் இந்தியாவில் சப்பாத்திக்கள்ளி என்றும் சொல்லும் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் மடலில் வெள்ளைப் பஞ்சுபோல ஒரு பூச்சி ஒட்டியிருக்கும். நசுக்கினால் விரல் இரத்தச் சிவப்பாகும். அதுதான் கொச்சினீல். மெக்சிகோவிலிருந்து வந்த அந்தச் சாயத்தை ஸ்பானியர் பல காலம் தம் கைக்குள் வைத்திருந்தார்கள். (பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தில் எங்கள் வீடுகளில் ஈ120 இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது இந்தப் பூச்சிக்காகத்தான்.)

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அந்தச் சிவப்பு வேண்டியிருந்தது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் கப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்ததோ தவறான இனம். சாயம் மட்டம், ஆனால் கள்ளியைத் தின்று தீர்ப்பதில் கெட்டிக்காரப் பூச்சி. வியாபாரம் படுத்தது. கள்ளி அழிந்ததைக் கண்ட சிலர் மறுபக்கமாக யோசித்தார்கள். 1836–38 காலத்தில் தென்னிந்தியாவுக்கும், 1865ஐ ஒட்டி இலங்கைக்கும் அதே பூச்சியைக் களையழிக்கக் கொண்டுவந்தார்கள். ஒரு களையை அழிக்கவென்றே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சி கொண்டுபோனதற்கு உலகில் முதல் உதாரணமாக இதையே சொல்கிறார்கள். உயிரியல் படிப்பிக்கும்போது நாம் அவுஸ்திரேலியாவின் கதையைத்தான் சொல்கிறோம். நம் தீவின் கதை பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்தப் பூச்சி ஓர் இனக் கள்ளியை மட்டுமே தின்றது. மற்ற இனம் பரவிக்கொண்டே இருந்தது. 1924இல் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கைக்கு வந்தது. 1926இல் அது இந்தியாவுக்கும் போனது. அப்படியும் முற்றாக ஒழியவில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தல தேசியப் பூங்காவில் இன்றும் நாகதாளி பெரிய தொல்லை.

இதற்குக் காரணம் அது பெருகும் விதம். ஒரு மடல் விழுந்தால் போதும், வேர் விடும். முட்பழத்தைப் பறவை தின்றால் விதை அடுத்த வேலிக்குப் போகும். நானே மூன்று வருடங்களுக்கு முன் சட்டியில் பெருத்துப்போன “முயல்காது” கள்ளியை வெட்டிப் பின்வளவில் கொட்டினேன். இப்போது அங்கே செருப்பில்லாமல் போக முடியாது. மயிர்போன்ற அந்தக் குறுமுள் கையில் ஏறினால் இரண்டு நாள் நித்திரை இல்லை.

ரோசாப்பூப்போல இதழ் விரிக்கும் எச்செவேரியா வகைகளில் இந்தப் பயம் வேண்டாம். ஒரு இலையைக் கழற்றி, வெட்டுவாய் காயும்வரை மூன்று நாலு நாள் வைத்து, மணல் கலந்த மண்ணின் மேல் கிடத்துங்கள். மாரியில் மட்டும் செய்யாதீர்கள், அழுகிவிடும். தட்டை மடல் கள்ளியைக் கழித்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்து, முழுதாக வாடிய பிறகே எறியுங்கள். தோட்டத்து வரம்பிலோ குளக்கரையிலோ வேண்டாம்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி: அந்த நாளில் நாகதாளி வேலி எங்கெங்கே நின்றது? யாராவது மடலில் வெள்ளைப் பஞ்சு கண்டால் ஒரு படம் அனுப்புங்கள். நசுக்கிப் பார்க்க என் வகுப்பே காத்திருக்கிறது.