மலையகத் தோட்டங்களில் விபத்தும் நட்டஈடும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தொழிலாளரின் வரலாறு பெரும்பாலும் சம்பளப் போராட்டத்தின் வரலாறாகவும் பிரஜாவுரிமையின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கவ்வாத்துக் கத்தியால் வெட்டுண்ட கையும் ஸ்டோர் இயந்திரத்தில் நசுங்கிய விரலும் அதில் இடம்பெறுவது அரிது. இவற்றுக்குச் சட்டம் விதித்த பெறுமதியை நோக்குமிடத்து, தோட்ட உற்பத்தி உறவுகளின் இயல்பு தெளிவாகின்றது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், தொழிலாளி வேலையை விட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அவர் வேலையில் ஊனமுற்றாலோ, முதலாளியின் கவனயீனத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தாலன்றி ஈடு பெறுதல் இயலாது. சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அதே துரையின் லயத்தில் குடியிருந்தவர்களே. எனவே உரிமை ஏட்டளவில் நிற்க, துரையின் தயவே எஞ்சியது.

பிரித்தானியாவில் 1897இல் இயற்றப்பட்ட சட்டம், தவறு யாருடையது என்னும் வினாவை ஒதுக்கி, குறித்த சில தொழில்களில் விபத்தின் பொறுப்பை முதலாளிமீது சுமத்தியது. 1906இல் அது கப்பல் தொழிலாளருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இந்தியாவில் 1923இலும், இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலமும் இக்கோட்பாடு வந்துசேர்ந்தது. தேயிலை இயந்திரங்கள் மலையேறிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே, அவற்றால் ஊனமுற்றோரின் உரிமை சட்டமாயிற்று.

தயவை உரிமையாக மாற்றிய வகையில் இச்சட்டம் முற்போக்கானதே. எனினும் அதன் அளவுகோல் தொழிலாளியின் சம்பளமாகும். உறுப்பிழப்பு, உழைக்கும் ஆற்றலின் இழப்பாகவே கணிக்கப்படுகின்றது. உழைப்புச் சக்தி பண்டமாகிய சமுதாயத்தில் உடலுக்கும் அதே விலைப்பட்டியல்தான். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தோட்டங்களில் ஆண் பெண் சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இலேயே. அதுவரை, சம்பளத்தை அளவுகோலாகக் கொண்ட சட்டத்தின் முன் கொழுந்து பறித்த பெண்ணின் உயிரும் மலிவாகவே மதிக்கப்பட்டது.

பிறிதொரு முரண்பாடும் அவதானிக்கத்தக்கது. விபத்து, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்திருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. தோட்டத்திலோ, வேலைத்தலமும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் கொழுந்து மலையில் குளவி கொட்டி இறப்பது தொழில் விபத்தெனக் கோரப்படலாம். 2014 ஒக்டோபர் 29இல் ஊவாவின் மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு புதைத்தமை இயற்கை அனர்த்தமாகவே கொள்ளப்பட்டது. அம்மக்களை அச்சரிவில் குடியிருத்தியது தோட்டத் தொழிலே என்பதைச் சட்டம் காண்பதில்லை.

2022ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தி, வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்களையும் உள்ளடக்கியது. இது வரவேற்கத்தக்கது, எனினும் அளவுகோல் மாறவில்லை.

சட்டம் தானாகத் தொழிலாளியின் வாசலுக்கு வந்ததுமில்லை. விபத்தை அறிவித்தல், மருத்துவச் சான்று பெறுதல், தங்கிவாழ்வோரை நிரூபித்தல், ஆணையாளர்முன் வழக்குரைத்தல் ஆகிய யாவும் எழுத்தறிவையும் அமைப்பையும் வேண்டுவன. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தமையின் முக்கியத்துவத்தை இப்பகைப்புலத்திலும் வைத்து நோக்குதல் வேண்டும். சங்கம் நலிந்த இடத்தில் உரிமை மீண்டும் தயவாகவே சுருங்குகின்றது.

ஆகவே நட்டஈட்டு விண்ணப்பங்களும் தொழிற்சங்கக் கடிதங்களும் வெறும் அலுவலகத் தாள்களல்ல. உழைக்கும் உடல் தன் இழப்பைத் தானே பதிவுசெய்த ஆவணங்கள் அவை. அவற்றைத் தேடித் தொகுத்தல் மலையக ஆய்வின் உடனடிக் கடமையென நாம் கருதுகின்றோம்.